ஓடாத சைக்கிளுக்கு என்ன பாட்டு?

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊத்திக்கொண்டு வந்து இருந்து வாசியுங்கள்.

நான் ஜிம்முக்குப் போகிறேன் என்ற செய்தி எங்கள் தெருவில் என்னை விட வேகமாக நடந்து முடித்துவிட்டது. ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. சீனி எல்லையில் நிற்கிறது, மருந்து தொடங்குவதற்கு முதல் உடம்பை அசைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். விடிய நடந்து பார்த்தேன், நாய்கள் விடவில்லை. பின்னேரம் நடந்து பார்த்தேன், “ரீச்சர் எங்க போறீங்க?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே நேரம் போனது. கடைசியில் டவுனில் ஒரு ஜிம்மில் கிழமைக்கு மூன்று நாள் பெண்களுக்கு மட்டும் வைக்கும் சைக்கிள் வகுப்பில் சேர்ந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்துச் சைக்கிள் வரிசையாக நிற்கும். ஒன்றும் நகராது. முன்பக்கம் பாரமான ஒரு இரும்புச் சில்லு. கைப்பிடிக்குக் கீழே ஒரு திருகு இருக்கிறது. அதை இறுக்கினால் மேட்டில் ஏறுவது மாதிரி, தளர்த்தினால் சமதரையில் ஓடுவது மாதிரி. முன்னால் பயிற்றுவிக்கும் பிள்ளை, மூலையில் ஸ்பீக்கர். 45 நிமிடம் பாட்டு ஓடும், நாங்கள் மிதிப்போம். 1980களின் கடைசியில் ஜொனி ஜி என்று அழைக்கப்படும் தென்னாபிரிக்காக்காரர் ஒருவர் கலிபோர்னியாவில் தொடங்கி வைத்த பழக்கம் இது. வெள்ளைச் சீருடையோடு லுமாலாவில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த பெண்களைக் கொண்ட ஊர் இது. இப்போது எல்லார் வீட்டிலும் ஸ்கூட்டி. அந்த ஸ்கூட்டியில் போய் இறங்கி, காசு கட்டி, ஓடாத சைக்கிளை மிதிக்கிறோம். சிரிப்பவர்கள் சிரியுங்கள், நானும் சிரித்தேன்.

எழுத வந்த விஷயம் இதுதான். இரண்டாவது கிழமை ஒரு நாள், அந்தப் பிள்ளை நல்ல வேகமான பாட்டு ஒன்றைப் போட்டது. அணிநடைத் தாளம், கால் தானாகவே போகும். முதல் வரி வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அது போர்க்காலத்து இயக்கப் பாட்டு.

எனக்கு அப்போது பத்து வயது, 1990. ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் அந்த மாதிரிப் பாட்டுகளோடு எங்கள் தெருவால் போகும். நாங்கள் பின்னால் ஓடுவோம், பாட்டுகள் பாடமாக இருந்தன. ஒக்டோபர் 30ஆம் திகதி அதே மாதிரி ஒரு ஒலிபெருக்கிதான் எங்களை ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னது. இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும், திரும்ப எழுதவில்லை. 35 வருடத்துக்குப் பிறகு அந்தத் தாளத்துக்கு என் கால் போய்க்கொண்டிருந்தது. காலை நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டுப் பக்கத்தில் பார்த்தால், அடுத்த சைக்கிளில் இருந்த அக்காவும் மிதிக்கவில்லை. துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்திருந்தா. அவவின் தம்பி போய்த் திரும்பி வராதவர் என்று பிறகு தெரிந்தது. ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் நின்றோம். காரணம் ஒன்றில்லை. அவவின் அழுகைக்கு நான் பதில் சொல்ல முடியாது, என் நினைவுக்கு அவ பொறுப்பும் இல்லை. வகுப்பு முடிந்து இரண்டு பேரும் வெளிவாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசாமல் தண்ணீர் குடித்தோம்.

பயிற்றுவிக்கும் பிள்ளைக்கு இருபத்து மூன்று வயது. ஓடி வந்தது. “ரீச்சர், சத்தியமா நல்ல பீட் எண்டுதான் போட்டனான். போனில ஆரோ அனுப்பின லிஸ்ட்.” எனக்குக் கோபமில்லை. அந்தப் பிள்ளைக்கு அது வெறும் தாளம். “நீங்கள் கணக்கு ரீச்சர்தானே, நீங்களே ஒரு லிஸ்ட் போட்டுத் தாங்கோவன்” என்று கேட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும் சேர் ஒருவர் சிரிக்கத் தொடங்கினார். “ரீச்சர், நாங்கள் தொண்ணூறிலயே ஓடாத சைக்கிள் ஓடிப் பாட்டுக் கேட்டனாங்கள்” என்றார்.

பொருளாதாரத் தடைக்காலம். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி கொண்டுவர விடவில்லை. நாங்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த அந்த வருடங்களில் இங்கே இருந்தவர்கள் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவைச் சாத்தி, அதிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்திருக்கிறார்கள். டைனமோ என்பது 6 வோல்ட், 3 வாட் தரும் சின்னச் சாமான், முன்லைட் எரிப்பதற்குச் செய்தது. அதில் பிபிசி தமிழோசையும் கேட்டார்களாம், பாட்டும் கேட்டார்களாம். ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பது. கசெற் போட்டால் இன்னும் வேடிக்கை. மிதிப்பவர் களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். “எஸ்.பி.பி. பாடத் தொடங்குவார், என்ர தம்பிக்குக் கை நோக யேசுதாஸ் மாதிரி வருவார்” என்றார் சேர். ஆசிரியர் அறை சிரித்தது. அந்த வருடங்களை நான் இங்கே வாழவில்லை. ஆனாலும் அந்தக் கதையில்தான் என் வேலைக்கான திறப்பு கிடைத்தது.

அவர்களுடைய சைக்கிளில் காலின் வேகத்துக்குப் பாட்டு ஓடியது. எங்கள் வகுப்பில் பாட்டின் வேகத்துக்குக் கால் ஓடுகிறது. அதுவும் இருபத்து மூன்று வயதுக் காலுக்கு அளவெடுத்த பாட்டு. நாற்பத்தைந்து வயதும், முழங்கால் நோவும், பிரஷரும் உள்ளவர்களும் அதே பாட்டுக்குத்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது. என் கருத்து சுருக்கமாக இதுதான்: வகுப்பில் ஆகப் பின்னுக்கு நிற்பவரின் காலைப் பார்த்துப் பாட்டைத் தெரிய வேண்டும். பயிற்றுவிப்பவரின் விருப்பமும், பெரிய குரலில் கேட்பவரின் விருப்பமும் அதற்குப் பிறகு வரட்டும்.

பாட்டு காலை இழுக்கும் என்பது கற்பனை இல்லை. 1911இல் லெனாட் அயர்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் எங்களை மாதிரி ஆசிரியராக இருந்து பிறகு புள்ளிவிபரத்துக்குப் போனவர். நியூயோர்க் மடிசன் ஸ்குயர் கார்டனில் உள்ளரங்கில் ஆறு நாள் தொடர்ந்து நடக்கும் சைக்கிள் போட்டியில், பாண்ட் வாசிக்கும்போதும் வாசிக்காதபோதும் ஓட்டக்காரர்களின் வேகத்தை அவர் கணக்கெடுத்தார். வாசிக்கும்போது சராசரி மணிக்கு 19.6 மைல், வாசிக்காதபோது 17.9 மைல். பாண்ட் வாசிக்கும் நேரத்தில் சனமும் கூடியிருந்து கத்தியிருக்கும், ஆகவே வித்தியாசம் முழுவதையும் இசையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அது கணக்கு ரீச்சரின் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காத சோதனை ஒன்றை இங்கிலாந்தில் லிவர்பூலில் செய்தார்கள், 2010இல் வெளிவந்தது. பன்னிரண்டு மாணவர்கள், நிலையாக நிற்கும் சைக்கிள், விரும்பிய வேகத்தில் மிதிக்கலாம். ஒரே பாட்டுகளை மூன்று தடவை கேட்கவைத்தார்கள். ஒரு தடவை சாதாரண வேகத்தில், ஒரு தடவை நூற்றுக்குப் பத்துக் கூட்டி, ஒரு தடவை நூற்றுக்குப் பத்துக் குறைத்து. வேகத்தை மாற்றியது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கூட்டினபோது மிதித்த தூரம் 2.1 வீதம் கூடியது, குறைத்தபோது 3.8 வீதம் குறைந்தது. கூட்டினபோது அவர்களுக்குக் கஷ்டமும் கூடியிருந்தது, ஆனாலும் பாட்டை அதிகம் ரசித்தார்கள். இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமும் வந்தது. கால் நம்மைக் கேட்காமலே பாட்டுக்குக் கீழ்ப்படிகிறது. இளம் பிள்ளைகளுக்கு அது உதவி. இதய வருத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

இனி கணக்கு. பயப்படாதீர்கள், ஆறாம் ஆண்டுக் கணக்குத்தான்.

ஒரு பாட்டைப் போட்டு, தலை தானாக ஆடும் தட்டுகளை 15 விநாடிக்கு எண்ணுங்கள். நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வரும். ஒரு தட்டுக்கு ஒரு கால் என்று மிதித்தால், வலது ஒன்று, இடது ஒன்று, இரண்டு தட்டுக்கு பெடல் ஒரு முழுச் சுற்று. ஆகவே 120 தட்டுப் பாட்டுக்கு 60 சுற்று. 160க்கு 80 சுற்று. மேடு ஏறுவது மாதிரி இறுக்கி மிதிக்க 60 முதல் 80 சுற்று போதும், சமதரைக்கு 80 முதல் 110 வரை போகலாம் என்பது இந்த வகுப்புகளில் சொல்லும் கணக்கு. 110 சுற்றுக்கு 220 தட்டு வேண்டும். அப்படி ஒரு பாட்டு எங்கள் வயதுக்குத் தேவையே இல்லை.

இதில் எனக்குப் பெரிய சந்தோஷம் தந்த கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. 80 தட்டுள்ள மெல்லிய பாட்டுக்கு, ஒரு தட்டுக்கு ஒரு முழுச் சுற்று என்று மிதித்தாலும் அதே 80தான் வரும். வகுப்பில் எப்போதும் “டம் டம்” என்று நெஞ்சில் அடிக்கும் பாட்டுத்தான் வேண்டும் என்பது பொய். உங்கள் உம்மாவுக்குப் பிடித்த பழைய மெலடிக்கும் வியர்க்க வியர்க்க மிதிக்கலாம். திருகை இறுக்கினால் போதும்.

மறுபக்கம், வேகப் பாட்டுக்கு ஈடுகொடுக்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திருகைத் தளர்த்துகிறார்கள். நானும் செய்தேன். பாரமே இல்லாமல் கால் பறக்கும், இருக்கையில் உடம்பு துள்ளும், முழங்காலும் இடுப்பும் அடிபடும், பலன் குறையும். கண்ணாடியில் பார்த்தால் பெரிய வீராங்கனை மாதிரித்தான் தெரியும்.

குத்துப் பாட்டும் பைலாவும் ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன என்றும் யோசித்தேன். இரண்டும் பெரும்பாலும் ஆறு சிறு தட்டுகளில் ஓடுபவை. ஆறு மூன்று மூன்றாகப் பிரிந்து இரண்டு பெரிய தட்டாக விழும். கால் இரண்டு, தட்டு இரண்டு. ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யையும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யையும் கேட்டு வளர்ந்த நாட்டில், வெளிநாட்டு ஜிம் பாட்டுகளை இறக்குமதி செய்யத் தேவையில்லை. எங்கள் வகுப்பில் ஆகக் கூடச் சிரிப்பு வந்த நாள் பைலா போட்ட நாள். மூலையில் பேசாமல் மிதிக்கும் பெரியம்மா ஒருவர் கையை விட்டுவிட்டு ஆடத் தொடங்கிவிட்டா. சைக்கிள் ஓடாமல் நிற்பது நல்லதாகப் போயிற்று.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு முன் வரிசையில் மிதிப்பது என் உயர்தர வகுப்பு மாணவி. பின்வரிசையில் அவளுடைய தாய். நடுவில் நான். ஸ்பீக்கரில் பெண்ணின் உடம்பை அங்குலம் அங்குலமாக வர்ணிக்கும் பாட்டு. காலையில் திரிகோண கணிதம் படிப்பித்த வாயை நான் எங்கே வைத்துக்கொள்வது? பெண்களுக்கு மட்டும் என்று கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே பெண்ணைக் கேவலப்படுத்தும் பாட்டைப் போடுவதில் என்ன நியாயம்? தாளம் நல்லது என்றால் வாத்திய இசை மட்டும் உள்ள வடிவம் இருக்கும், அதைத் தேடிப் போடலாம்.

அப்படியானால் பக்திப் பாட்டுப் போடலாமே என்று ஒருவர் சொன்னா. நாகூர் ஹனிபாவை எனக்குப் பிடிக்கும், எங்கள் அயலில் சைவ வீடுகளிலும் அவர் குரல் கேட்டிருக்கிறது. ஆனால் அல்லாஹ்வின் பெயர் வரும் இடத்தில் “இன்னும் வேகம்! இன்னும் வேகம்!” என்று ஒருவர் கத்த, அதற்கு நான் வியர்வை வழிய மிதிப்பதற்கு மனம் ஒப்பவில்லை. முருகன் பாட்டைப் பற்றி என் சக ஆசிரியையும் அதையே சொன்னா. அதற்குரிய நேரமும் இடமும் வேறு. இந்த ஒரு விஷயத்தில் பள்ளிவாசல் பக்கமும் கோயில் பக்கமும் ஒரு நொடியில் உடன்பட்டோம்.

இப்போது எங்கள் தெருச் சகோதரிகளுக்கு ஒரு சொல். உங்களில் மூன்று பேர் வகுப்பில் சேர்ந்து, இசை இருக்கிறது என்று நின்றுவிட்டீர்கள். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இசையைப் பற்றி ஆலிம்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட கருத்து இருப்பது உங்களுக்கும் தெரியும், உங்கள் மனம் எதில் அமைதியாக இருக்கிறதோ அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று பேருக்கும் சீனி இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆகவே அந்தப் பிள்ளையிடம் கேட்டேன்: கிழமையில் மூன்று நாளில் ஒரு நாள் பாட்டே இல்லாமல் நடத்த முடியுமா? காலுக்குத் தேவைப்படுவது தட்டு மட்டும்தான். ரமழானில் ஸஹருக்கு எழுப்ப வரும் பக்கீர்மாரை யோசித்துப் பாருங்கள். ஒரு றபான், ஒரு குரல். அந்தத் தட்டுக்கு அவர்களுடைய கால் எத்தனை தெரு நடக்கிறது! தட்டு மட்டும் பதிந்த ஒலியோ, வாயால் எண்ணுவதோ, கைதட்டுவதோ போதும். முதலில் “சனம் வராது ரீச்சர்” என்றது. பிறகு ஒரு வியாழக்கிழமை செய்து பார்த்தோம். ஆறு பேர் வந்தோம். பத்து நிமிடம் வெட்கமாக இருந்தது, ஒருவர் மூச்சு வாங்குவது மற்றவருக்குக் கேட்டது. பிறகு யாரோ எண்ணத் தொடங்க, முறை வைத்து எண்ணினோம். பாட்டுக்குள் மறைந்துபோகும் களைப்பு அன்றைக்கு எனக்கு நேராகத் தெரிந்தது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்தது. இசையை விரும்புகிறவர்களும் ஒரு நாள் இப்படிச் செய்து பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

சத்தம் பற்றியும் ஒன்று. போனில் இருக்கும் சத்தம் அளக்கும் செயலியால் ஒரு நாள் அளந்தேன், 97 டெசிபெல் காட்டியது. போன் கணக்கு துல்லியமில்லை, இருந்தாலும் யோசிக்க வைத்தது. 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது தொழில் சுகாதாரத்தில் பாவிக்கும் கணக்கு. 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணித்தியாலம். எங்கள் வகுப்பு 45 நிமிடம், தகரக் கூரைக்குக் கீழே. பயிற்றுவிப்பவர் கத்த வேண்டியிருந்தால் சத்தம் கூட என்று அர்த்தம். அந்தப் பிள்ளை ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு எடுக்கிறது. எங்களை விட அதன் காதை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

நான் போட்டுக் கொடுத்த லிஸ்டின் அமைப்பைச் சொல்கிறேன், வேறு இடங்களில் நடத்துபவர்களுக்கும் உதவலாம். முதல் ஆறு நிமிடம் யாருக்கும் மூச்சு வாங்காத மெல்லிய பாட்டுகள். பிறகு இருபத்தைந்து நிமிடம் 120க்கும் 160க்கும் இடையில் ஏற்றி இறக்கி. எங்கள் சினிமாப் பாட்டின் அமைப்பே இதற்குத் தோது, பல்லவியிலும் சரணத்திலும் இருந்து மிதித்து, இடையிசை வரும்போது மட்டும் எழும்பி நின்று மிதிக்கலாம். நடுவில் இரண்டு நிமிடம் பாட்டே இல்லை. அப்போது பக்கத்தில் உள்ளவரோடு ஒரு முழு வசனம் பேசிப் பாருங்கள். பேச முடியாவிட்டால் வேகம் கூட, குறையுங்கள். கடைசி எட்டு நிமிடம் ஆறுவதற்கு. அதில் வரிகளே இல்லாத நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வைத்தேன், எல்லாருக்கும் பிடித்தது.

இதற்கு மேலே ஒரு விதி. புதிதாக ஒரு பாட்டைச் சேர்ப்பதென்றால் முதல் நாள் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். யாராவது “வேண்டாம்” என்றால் எடுத்துவிட வேண்டும். காரணம் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது துவாயால் முகத்தை மூடியிருந்த அந்த அக்கா. இந்த ஊரில் எந்தப் பாட்டு யாருக்கு எந்த நாளைக் கொண்டுவரும் என்று ஒருவருக்கும் தெரியாது, கேட்டால் சொல்லவும் முடியாது என்றா. இதுவரை நாலு பாட்டு எடுத்திருக்கிறோம். இரண்டு ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. வீட்டில் கேட்கிறேன்.

லிஸ்டில் இன்னும் இடம் இருக்கிறது. 130க்கும் 150க்கும் இடையில், வரிகள் சுத்தமாக, பிள்ளையும் தாயும் ஒரே அறையில் கேட்கக்கூடிய பாட்டு தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எங்கள் நாட்டுப் பொப் பாட்டுகளுக்கு முதலிடம். 15 விநாடி எண்ணிப் பார்த்துவிட்டு எழுதினால் எனக்கு வேலை குறையும். வியாழக்கிழமை பாட்டில்லாத வகுப்புக்கு மூன்று சைக்கிள் இன்னும் வெறுமையாக நிற்கிறது, யாருக்கென்று நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் ஐந்தரைக்குத் தொடக்கம். நான் ஸ்கூட்டியில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், ஆனால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் ஏற்றலாம்.